ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக எய்ட்ஸ் தினத்தை ஒட்டி, டாக்டர் செல்லப்பன் நிர்மலாவையும் அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனையும் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்பதை 1986-இல் முதன்முதலாகக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் நம் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இந்த இரண்டு பெண்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எழுதியவருக்கு என் நன்றி. ஆனால் கட்டுரை ரத்தம் எடுத்தவர்களின் கதையோடு நின்றுவிட்டது. ரத்தம் கொடுத்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் ஆய்வக நுட்புநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பிற்பாதி முழுக்க நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனைதான் என் வேலை. லாரித் தொழில் நிறைந்த எங்கள் மாவட்டம் இந்த நோயால் பட்ட பாடு உங்கள் வாசகர்களுக்குத் தெரியும்.

முதலில் அந்த ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை. 1985 கடைசியில் நிர்மலா நுண்ணுயிரியல் எம்.டி. மாணவி, வயது 32. ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுக்கச் சொன்னவர் டாக்டர் சுனிதி. அதற்கு முன்பு மும்பையில் எடுத்த மாதிரிகளைப் புனே வைராலஜி நிறுவனத்தில் பரிசோதித்தும் ஒருவருக்குக்கூடத் தொற்று இருப்பதாக வரவில்லை. எய்ட்ஸ் வெளிநாட்டுக்காரர்களின் நோய், நம் நாட்டுக்கு வராது என்று பத்திரிகைகளே எழுதிக்கொண்டிருந்தன. சென்னையோ கட்டுப்பாடான ஊர் என்று பெயர் எடுத்தது. இங்கே போய் எய்ட்ஸைத் தேடுவதா என்று நிர்மலாவுக்கே தயக்கம் இருந்திருக்கிறது. 200 மாதிரிகள் சேர்க்க வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

பாலியல் தொழில் செய்யும் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப்போன நிர்மலா, பால்வினை நோய் சிகிச்சைக்காக அரசுப் பொது மருத்துவமனைக்கு வந்த ஓரிருவரிடம் முதலில் பழக்கம் பிடித்தார். மருத்துவமனைப் பதிவேட்டில் பலருக்கு முகவரி ‘வி. ஹோம்’ என்று இருந்தது. விசாரித்தபோது அது விஜிலென்ஸ் ஹோம் என்று தெரிந்தது. விபச்சாரத் தடுப்புச் சட்டத்தில் பிடிபட்டு, ஜாமீன் கட்ட வழியில்லாத பெண்களை அடைத்துவைத்த காப்பகம் அது. தினமும் காலையில் கல்லூரி வேலைக்கு முன்னால் அங்கே போய் ரத்தம் எடுத்திருக்கிறார். கணவர் ராமமூர்த்தி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் எதுவும் கிடையாது. இத்தனை வருடம் ஊசி பிடித்த கை என்னுடையது. கையுறை இல்லாமல் அந்தக் காலத்தில் அந்த ரத்தத்தை எடுத்தார் என்று படிக்கும்போது எனக்குக் குலை நடுங்குகிறது. மூன்று மாதத்தில் 80 மாதிரிகள் சேர்ந்தன. ரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரிக்க டாக்டர் சுனிதி ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொடுத்தார். வைக்க இடம் இல்லாததால் நிர்மலா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் ஐஸ் பெட்டியோடு இரவு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி.க்குப் போனார்கள். எலிசா பரிசோதனை வசதி அங்கேதான் இருந்தது. வைராலஜித் துறைத் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான், உதவிக்கு ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் என்ற இருவரைக் கொடுத்தார். எலிசா தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் கிருமியின் புரதத்தைப் பூசியிருப்பார்கள். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் சீரத்தில் இருந்தால் அது புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழுவி, அடுத்த திரவத்தை விட்டு, மறுபடி கழுவி, கடைசியில் நிறம் காட்டும் திரவத்தை விட்டால் ஒட்டியிருக்கும் குழி மட்டும் மஞ்சளாகும். மற்றவை தெளிவாகவே இருக்கும். அன்றைக்கு ஆறு குழிகள் மஞ்சளாகின.

அந்த நேரத்தில் அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வின் பெருமை. அந்தக் காலத்து எலிசா கருவியில் தொற்று இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டிவிடும் கோளாறு உண்டு. ஒரு பரிசோதனையை நம்பி யாரும் ஊரைக் கூட்டவில்லை. வேலூர்க் குழுவும் சென்னைக் குழுவும் சேர்ந்து மறுபடி அதே காப்பகத்துக்குப் போய், அந்த ஆறு பெண்களிடமும் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். சிமோஸ் அதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னும் துல்லியமான பரிசோதனையில் உறுதிசெய்தார். அதற்குப் பிறகுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும் பிரதமருக்கும் தெரிவித்தார்கள். மே மாதம் சுகாதார அமைச்சர் ஹெச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நிர்மலா இன்னும் சில வாரம் மாதிரிகள் சேகரித்து, தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு என்ற தலைப்பில் 1987 மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பிறகு கிண்டி கிங் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து 2010-இல் ஓய்வு பெற்றார். இப்படிப்பட்ட ஒருவரை நாடு பல காலம் மறந்தே போயிருந்தது.

சரி, அந்த ஆறு பெண்கள்?

தங்கள் ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் நிர்மலாவே இதை வெளிப்படையாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார்: எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், எய்ட்ஸ் என்று சொன்னாலும் அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்திருக்காது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எய்ட்ஸ் என்றால் என்னவென்று நாட்டில் பாதி மருத்துவர்களுக்கே சரியாகத் தெரியாத காலம். சொன்னாலும் கொடுக்க மருந்து ஒன்றும் இல்லை. ஆனாலும் கேள்வி போய்விடுமா? பூட்டிய கதவுக்குள் இருப்பவர் கையை நீட்டும்போது அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள முடியுமா?

அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செய்தி வெளியே வந்ததும் பழி முழுக்க இந்தப் பெண்கள் தலையில் விழுந்தது. கிருமியைப் பரப்புகிறவர்கள் என்று பெயர் கட்டினார்கள். அவர்களிடம் வந்துபோன ஆண்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கட்டாயப்படுத்தி ரத்தம் எடுத்து, தொற்று இருப்பதாகத் தெரிந்தவர்களை, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்தை விட்டு அனுப்பாமல் வைத்திருந்தார்கள். நோய் இருப்பதுதான் குற்றம். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1990-இல் அவர்களை விடுவிக்க உத்தரவு வந்தது. இந்த நாட்டுக்கு எச்சரிக்கை மணி அடித்த ரத்தத்தைக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்த கைம்மாறு இதுதான். உங்கள் கட்டுரையில் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். இந்த வழக்குக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்க வேண்டும்.

டாக்டர் சுனிதி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் இல்லை. 1993-இல் அவர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில் முன்கூட்டியே பேசிப் புரியவைத்து, விரும்பி வருபவர்களுக்குப் பரிசோதனை செய்து, முடிவைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லும் முறை இருந்தது. அந்த மையத்தில் சிகிச்சைக்கு வந்த 134 பெண்களைப் பற்றி 2000-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியானது. அந்தப் பெண்களில் 81 சதவீதம் பேர் இல்லத்தரசிகள். 88 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஒரே ஒருவரோடு மட்டும் உறவு வைத்திருந்தவர்கள். எங்கள் மையத்து மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். கணவன் காசநோய் வார்டில் இருப்பார், அல்லது போய்ச் சேர்ந்திருப்பார். கர்ப்பமாக வந்த இடத்தில் முதல் ரத்தப் பரிசோதனையிலேயே தெரியும். தாலி கட்டியவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணிடம் முடிவைச் சொல்லும்போது ஆற்றுப்படுத்துநருக்கே தொண்டை அடைக்கும். 1986-இல் காப்பகத்துப் பெண்கள் மேல் பழி போட்டவர்கள் இந்த 134 பேரைப் பற்றிய கணக்கைப் படித்திருந்தால், கிருமி வீட்டுக்குள் யார் வழியாக வந்தது என்று புரிந்திருக்கும்.

இன்னொரு ஆய்வையும் சொல்லியே ஆக வேண்டும். கணவன் மனைவியில் ஒருவருக்குத் தொற்று உண்டு, இன்னொருவருக்கு இல்லை என்ற நிலையில் 9 நாடுகளைச் சேர்ந்த 1,763 ஜோடிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தொற்று உள்ளவருக்கு மருந்தைச் சீக்கிரமே ஆரம்பித்தால் துணைக்குப் பரவாமல் தடுக்கலாமா என்பது கேள்வி. சென்னை ஒய்.ஆர்.ஜி. கேரும் அதில் ஒரு மையம். பரவல் 96 சதவீதம் குறைகிறது என்று 2011 மே மாதம் தெரிந்தது. ஆய்வு முடிய இன்னும் காலம் இருந்தது. ஆனால் கண்காணிப்புக் குழு காத்திருக்க விடவில்லை. முடிவை உடனே வெளியிடுங்கள், மருந்து தொடங்காமல் காத்திருக்கும் தரப்பில் உள்ளவர்களுக்கும் மருந்தைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. அதே சென்னை, டாக்டர் சுனிதி தொடங்கிய மையம். 1986-இல் ரத்தம் கொடுத்தவருக்கு எதற்காக என்றே தெரியாது. 2011-இல் ரத்தம் கொடுத்தவருக்கு முடிவும் கிடைத்தது, மருந்தும் கிடைத்தது. இந்த 25 வருட வளர்ச்சிதான் எனக்கு டாக்டர் சுனிதியின் பெரிய சாதனையாகப் படுகிறது. 2015-இல் அவர் காலமான பிறகு, 2017-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

இனி நான் கண்ணால் பார்த்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மருத்துவமனைக்கு முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டுக்காக மாதிரி எடுக்க வருவார்கள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் இதே நடைமுறைதான் என்பது என் அனுபவம். ஒருமுறை கர்ப்பிணிகளின் வெள்ளைப்படுதல் பற்றிய ஆய்வு. நல்ல, தேவையான ஆய்வு. வெள்ளைப்படுதலைப் பற்றி வீட்டில் வாய் திறக்காத பெண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். சூடு என்று சொல்லி மோரும் இளநீரும் குடித்துக்கொண்டு இருப்பார்கள். அதில் சில வகைத் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவம் வரைக்கும் போகும். கிருமி இன்னதென்று தெரிந்தால் சில நாள் மாத்திரையில் சரியாகிவிடும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் தினத்தில், வரிசையில் நிற்கும்போதே சம்மதப் படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். படித்துப்பார்க்க நேரம் இல்லை. பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி (ஸ்வாப்) எடுத்தார்கள். மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனார்கள். அதோடு சரி.

அடுத்த முறை சோதனைக்கு வந்த ஒரு பெண் என் அறை வாசலில் நின்று, “ஏனுங்க்கா, அன்னைக்கு எடுத்தாங்களே, அதுல ஏதாச்சும் இருந்துச்சுங்களா?” என்று கேட்டாள். அந்த மாணவருக்கு நானே போன் செய்தேன். பாவம், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். மாதிரிகளில் எண் மட்டும்தான் இருக்கிறது அக்கா, பெயரோடு பொருத்திப் பார்க்க வேண்டும், நேரமே இல்லை என்றார். கடைசிவரை அது பொருத்திப் பார்க்கப்படவில்லை. எங்கள் பெண் மருத்துவரிடம் சொல்லி அந்தப் பெண்ணுக்குத் தனியாகப் பரிசோதித்து மாத்திரை கொடுக்கவைத்தேன். கேட்காமல் வீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேரோ. ஆய்வேட்டில் அவர்கள் எல்லாரும் சதவீதமாக இருப்பார்கள். அந்த மாணவர் நல்ல பையன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மூன்று வருடப் படிப்பில் பணி நேரம் போக மிச்ச நேரத்தில் ஆய்வேடு முடிக்க வேண்டும், முடிவைத் திருப்பிச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தேர்வு முடிந்ததும் ஊரை விட்டுப் போய்விடுவார். மருத்துவமனை எங்கேயும் போகாது. பொறுப்பு மருத்துவமனையிடமும் கல்லூரியிடமும் இருக்க வேண்டும்.

சட்டமும் விதியும் இல்லாமல் இல்லை. ஹெச்.ஐ.வி. விஷயத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. பரிசோதனைக்கு முன் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். நோய்க் கண்காணிப்புக்காகப் பெயர் இல்லாமல் பரிசோதிக்கும்போது சம்மதம் தேவையில்லை என்று ஒரு விலக்கு உண்டு. அந்த இடத்திலும்கூட ஆய்வின் நோக்கத்தை அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், சம்மதம் கேட்பது கலந்துகொள்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வின் பொதுவான முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைக் கலந்துகொண்ட எல்லாருக்கும் தர வேண்டும் என்று 2013 பதிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காப்பகங்களைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் பேசியிருக்கிறது. விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைக்கப்பட்ட வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து, குறிப்பிட்ட காலத்துக்குள் விடுவிக்க நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆக, எழுத்தில் எல்லாம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்கும் பெண்ணிடம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

என் கோரிக்கை பெரிய செலவு பிடிக்கிற ஒன்றும் இல்லை. மருத்துவக் கல்லூரிகளில் நெறிமுறைக் குழு ஆய்வுக்கு அனுமதி தரும்போதே, தனிப்பட்ட முடிவை யார், எப்போது, எப்படிக் கலந்துகொண்டவரிடம் சொல்வார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். மாணவர் போன பிறகு அந்த வேலையைச் செய்யப்போகும் துறை ஊழியரின் பதவியும் அதில் இருக்க வேண்டும். பாலியல் நோய், கருத்தரிப்பு, மாதவிடாய், கருப்பை சம்பந்தப்பட்ட ஆய்வென்றால் இது இரட்டிப்பு அவசியம். இந்த விஷயங்களில் பெண்கள் இரண்டாம் முறை வந்து வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். முடிவை வீட்டுக்குத் தபாலில் அனுப்பவும் கூடாது. மாமியார் கையில் போய்ச் சேரும். அடுத்த பரிசோதனைக்கு வரும் நாளில், தனி அறையில், ஒரு செவிலியர் சொன்னால் போதும். நம்பிக்கை மையங்களில் இதை நாங்கள் தினமும் செய்தோம். மூன்று வகை விரைவுப் பரிசோதனை செய்து, உறுதியானதும் அன்றைக்கே ஆற்றுப்படுத்துநர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முடிவைச் சொல்லி, கையோடு ஹெச்.ஐ.வி.க்கு மருந்து தரும் கூட்டு மருந்து மையத்துக்கு (ஏ.ஆர்.டி. மையம்) அனுப்பிவைப்போம். ஹெச்.ஐ.வி.க்கு முடிகிறது என்றால் மற்ற ஆய்வுகளுக்கும் முடியும்.

அப்புறம், ஆய்வேட்டின் சாரத்தை ஒரே ஒரு பக்கம், தமிழில், மாதிரி எடுத்த வெளிநோயாளர் பிரிவின் சுவரிலேயே ஒட்டச் சொல்லுங்கள். இன்றைக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. எல்லாம் ஆங்கிலத்தில். நம் ஊர்ப் பெண்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் வைத்து எழுதியவை. அதில் ஒரு வரிகூட அவர்களால் படிக்க முடியாது. எத்தனை கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை, எத்தனை பேருக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று, எந்த மருந்து இப்போது வேலை செய்யவில்லை என்று அவர்கள் உடம்பைப் பற்றிய செய்தி அவர்கள் ஊரிலேயே இருக்கட்டும்.

உங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். மருத்துவப் பக்கத்தில் மாதம் ஒரு ஆய்வேட்டை எடுத்து எளிய தமிழில் போடுங்கள். நிர்மலாவின் ஆய்வேட்டில் இருந்தே தொடங்கலாம். அதைப் பற்றி எழுதும்போது 1990 உயர் நீதிமன்ற வழக்கையும் சேர்த்து எழுதுங்கள். எழுதித் தர ஆள் வேண்டும் என்றால், ஓய்வு பெற்ற செவிலியர்களும் நுட்புநர்களும் எங்கள் ஊரில் நாலைந்து பேர் இருக்கிறோம். பணம் ஒன்றும் வேண்டாம், ஆய்வேட்டின் நகலை மட்டும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர்,
ராசிபுரம், நாமக்கல் மாவட்டம்.